பெயின்ட் பூசிய பொட்டுகள்

பழுப்புத்தாள் உறை போட்ட சீ.ஆர். என்கிற ஒரு தடித்த குறிப்புக் கொப்பியைக் கையில் பிடித்தபடிதான் மிஸ் எங்கள் வேக்ஷொப்புக்குள் முதன்முதலாக வந்தார். பயிற்சி கொடுக்க ஒரு பொறியியலாளர் வருகிறார் என்றதும் மடிக்கணினி, புரொஜெக்டர், ஆளுக்கொரு கோப்பு என்று ஒரு வான் நிறையச் சாமான் வரும் என்று நாங்கள் எதிர்பார்த்திருந்தோம். அவர் கொப்பியை வாங்கில் வைத்தார். தன் பெயர், ஊர், படித்த பல்கலைக்கழகம் எதையும் சொல்லாமல் முதற்பக்கத்தை வாசித்துக் காட்டினார். கந்தளாயில் ஓர் அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களில் இரண்டை இடம் மாற்றிப் பூட்டிவிட்டாராம். தூசியை வெளியே தள்ள வேண்டிய காற்றாடி எதிர்ப்பக்கம் சுற்றி, வெளியே குவிந்து கிடந்த உமித்தூசியை எல்லாம் உள்ளே இழுத்து, வெள்ளைச் சட்டையோடு வந்து நின்ற ஆலை முதலாளியின் தலையில் கொட்டியதாம். கீழே அவருடைய கையெழுத்து இருந்தது. நாங்கள் பதினான்கு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடியும் வரை பொறுத்திருந்துவிட்டு, "இது பிழைக் கொப்பி. ஒவ்வொருத்தரும் தன்ட பிழைய மட்டும் எழுதணும். அடுத்த ஆள்ட பிழைய எழுதக் கூடாது" என்றார்.

நான் அப்போது அந்த வேக்ஷொப்பில் இருபத்தாறு வருடம் வேலை செய்து முடித்திருந்த ஃபிட்டர். திருகோணமலைத் துறைமுகத்து ஓரமாக, கப்பலில் வரும் தானியத்தைப் பெல்ட்டுகளில் ஏற்றிக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோகும் ஒரு தனியார் நிறுவனம் அது. பெல்ட்டுகளை ஓட்டும் மோட்டார்களும் கியர்பொக்ஸ்களும் எங்கள் பொறுப்பு. மிஸ்ஸுக்கு இருபத்தொன்பது வயது. குறிஞ்சாக்கேணியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்குவார். என் மூத்த மகளைவிட நாலு வயதுதான் கூட. அவர் என்னை அண்ணன் என்பார், நான் அவரை மிஸ் என்பேன். இன்றைக்கும் தொலைபேசியில் அப்படித்தான் கதைக்கிறோம்.

அவர் வந்த காரணத்தில் எங்களுக்குச் சந்தோசப்பட ஒன்றுமில்லை. நிறுவனம் புதிதாகச் சென்சர்கள் வாங்கியிருந்தது. இயந்திரத்தின் அதிர்வை அளந்து, எது எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்லும் ஏற்பாடு. இனிமேல் வேக்ஷொப்பில் இருப்பவர்கள் அந்த அளவுகளை வாசிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். ஆறு மாதத்தில் வெளியிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வந்து சோதிப்பார்கள். சித்தியடைந்தால் ஃபிட்டராகத் தொடரலாம், இல்லையென்றால் மூட்டை தூக்கும் பகுதிக்குப் போக வேண்டும் என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். ஐம்பத்தொரு வயதில் நான் மூட்டை தூக்கப் போவதை நினைத்துப் பார்த்தேன். மூட்டை கூடப் பரவாயில்லை. என் கையால் கழற்றிப் பூட்டிய இயந்திரங்களை வேறு ஆட்கள் வந்து தொடுவதை முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே என்பதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

எனக்குக் கோபமும் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பொறியியலாளர் என்பவர் மாடியில் வரைபடங்களோடு இருப்பவர். இயந்திரம் உடைந்தால் வெள்ளை ஹெல்மெட்டோடு இறங்கி வந்து, இடுப்பில் கைவைத்து நின்று பார்த்து, "எப்ப முடியும்?" என்று கேட்டுவிட்டு மேலே போவார். உடைந்ததைத் திருத்துவது எங்கள் வேலை. உடைந்தால்தான் எங்களுக்கு மதிப்பு. இப்போது உடையும் முன்னமே கண்டுபிடிக்க வேண்டுமாம், அதற்கு வரைபுகள் வாசிக்க வேண்டுமாம், தசமப்புள்ளி பார்க்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் என்னை அழவைத்த கணக்கு, பேரப்பிள்ளை பிறக்கும் வயதில் தேடி வந்து கதிரை போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மிஸ் முதல் இரண்டு கிழமை ஒன்றுமே படிப்பிக்கவில்லை. எங்களோடு பெல்ட் வழியே நடந்தார். ஒவ்வொரு கியர்பொக்ஸும் எந்த வருடம் திறந்து மூடப்பட்டது, எது எந்தக் கப்பலின்போது மக்கர் பண்ணியது என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு இயந்திரத்திலும் சென்சர் வைக்கும் இடத்தை எங்களோடு சேர்ந்து தீர்மானித்து, அந்த இடத்தில் மட்டும் பழைய பெயின்ட்டை அரைத்து எடுக்கச் சொன்னார். ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவில் வெறும் இரும்பு பளபளவென்று தெரியும். எங்களில் யாரோ அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்தார்கள். மிஸ்ஸும் சிரித்துக்கொண்டு அதையே எடுத்துக்கொண்டார். மொத்தம் முப்பத்தொரு பொட்டுகள். சென்சரின் அடியில் காந்தம் இருக்கும். பொட்டில் வைத்தால் கப்பென்று ஒட்டும். கையிலுள்ள டெப் கணினியில் ஓர் இலக்கமும் ஒரு நிறமும் வரும். பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் நிறுத்து.

டெப் தானே வரைபு கீறித் தரும். ஆனால் முதல் மாதம் அதைப் பார்க்க அவர் விடவில்லை. கட்டத்தாளும் பென்சிலும் தந்து, அன்றன்றைய இலக்கத்தை நாங்களே புள்ளியிட்டு இணைக்க வேண்டும் என்றார். நாற்பது வயது, ஐம்பது வயது ஆண்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு கோடு கீறினோம். நான் தசமப்புள்ளியை இடம் மாற்றிப் போட்டு, நல்ல மோட்டார் ஒன்றைப் பத்து மடங்கு நோயாளியாக்கினேன். இன்னொரு நாள் சென்சரைப் பொட்டில் வைக்க மறந்து, கையில் பிடித்தபடியே பொத்தானை அழுத்திவிட்டேன். டெப் சிவப்புக் காட்டியது. மிஸ் பார்த்துவிட்டு, "அண்ணன், உங்களத்தான் முதல்ல கழட்டிப் பார்க்கணும்" என்றார். இரண்டையும் கொப்பியில் எழுதினேன். எழுதிய பிறகு அவை என்னை உறுத்தவில்லை. அவர் அந்தக் கொப்பியை ஒரு நாளும் முகாமையாளரிடம் காட்டியதில்லை, அதிலிருந்து எடுத்து யாரையும் குத்திக்காட்டியதும் இல்லை. நாலாம் மாதமளவில் நாங்களே போட்டி போட்டுக்கொண்டு எழுதினோம். எங்களுக்குள் மேசன் வேலையிலிருந்து வந்த ஓர் ஆள், தன் பக்கம் காலியாக இருக்கிறதே என்று வெட்கப்படும் அளவுக்குப் போனது.

மூன்றாம் பெல்ட்டின் கியர்பொக்ஸ் என் பொறுப்பில் இருந்தது. அதன் இலக்கம் கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டு வந்தது. உள்ளே ஒரு பெயாரிங் தேயத் தொடங்கியிருக்கிறது என்பது எனக்கு வரைபிலேயே விளங்கிவிட்டது. அதை வாசித்த அன்று மத்தியானம் நான் சோற்றுப் பொதியைத் திறக்காமல் மற்றவர்களுக்கு அந்தக் கோட்டைக் காட்டிக்கொண்டு திரிந்தேன். மஞ்சளில்தான் நின்றது. வரப்போகும் கப்பலின் சரக்கை இறக்கிவிட்டு அடுத்த கிழமை மாற்றுவது என்று தீர்மானித்தோம். அதையே என்னுடைய சோதனைக்கு எடுத்துக்கொள்ளும்படி மிஸ் சொன்னார்.

சோதனை நாளும் கப்பல் வேலை தொடங்கும் நாளும் ஒன்றாக அமைந்தன. தலைமை அலுவலகத்துப் பெரியவர்களும் விருந்தாளிகளோடு வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்திய இரண்டு நாள் மிஸ் மதிப்பீட்டாளர்களின் அலுவலாகக் கொழும்புக்குப் போயிருந்தார்.

துறைமுகத்துக்கு ஒரு பெரிய ஆள் வருகிறார் என்றால் நாங்கள் முதலில் தூக்குவது பெயின்ட் வாளியைத்தான். இது யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கமில்லை. உப்புக் காற்றில் இரும்பு ஒரு கிழமையில் துருப்பிடிக்கும். வருகிறவர் கண்ணில் துரு படுவது எங்களுக்கு அழுக்குச் சாரத்தோடு கலியாண வீட்டுக்குப் போவது போல. அந்தப் பொட்டுகள் அப்போது ஓரத்தில் செம்மண் நிறம் காட்டத் தொடங்கியிருந்தன. மிஸ்ஸின் வேலையைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், அவருடைய பொட்டுகள் இப்படி அசிங்கமாக இருக்கலாமா என்று எனக்குப் பட்டது. நானே வாளியை எடுத்தேன். பள்ளம் தெரியாமல் புட்டி வைத்து நிரப்பி, காயவிட்டுத் தேய்த்து, அடிப்பூச்சுப் பூசி, அதன்மேல் சாம்பல் நிறம் இரண்டு பூச்சு. முப்பத்தொன்றையும் முடித்தேன். வேலை அவ்வளவு சுத்தம். பொட்டு இருந்த இடம் எது என்று எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர் வந்து பார்த்துச் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அந்த நினைப்பைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த நாள் பெல்ட்டுகளை வெறுமனே ஓட்டி அளவெடுத்தோம். காந்தம் கொஞ்சம் வழுக்கியது. புதுப் பெயின்ட்தானே என்று அழுத்திப் பிடித்தோம். டெப் முழுக்கப் பச்சை. மூன்றாம் பெல்ட்டும் பச்சை. அளவுகள் தாமாகவே தலைமை அலுவலகத்துக்கும் போய்விடும். அங்கிருந்து பாராட்டு வந்ததாக முகாமையாளர் வந்து தோளில் தட்டினார்.

சோதனை நாள் காலை ஏழு மணிக்கு மிஸ் கொழும்பு பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வேக்ஷொப்புக்கு வந்தார். டெப்பைப் பார்த்தார். நாங்கள் சுற்றி நின்று அவர் முகத்தையே பார்த்தோம். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு நோயாளி சுகமாகலாம் அண்ணன். வார்ட்டில கிடக்கிற எல்லாரும் ஒரே நாள்ல எழும்பி வீட்டுக்குப் போவாங்களா?" என்றார். பிறகு போய் மூன்றாம் கியர்பொக்ஸைத் தடவிப் பார்த்தார். "இத ஆரு பூசின?"

"நான்தான் மிஸ் பூசினனான். புட்டியும் வைச்சனான்" என்றேன்.

இரும்பின் அதிர்வு புட்டியையும் பெயின்ட்டையும் தாண்டிச் சென்சருக்கு ஒழுங்காக வந்து சேராது என்று அவர் இரண்டு வசனத்தில் விளக்கினார். எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதுதான் பெரிய வேதனை. முப்பத்தொரு நோயாளிகளின் வாயையும் நான் துணியால் கட்டிவிட்டு, ஒருவரும் முனகவில்லை என்று மகிழ்ந்திருக்கிறேன். "பத்து மணிக்கு முதல் எல்லாத்தையும் சுரண்டிப் போடுறன் மிஸ். ஒருத்தருக்கும் தெரிய வராது" என்றேன்.

"சுரண்டலாம். நேத்துப் போன பச்சைக்கு ஆரு விளக்கம் சொல்ற?"

அவர் முதலில் செய்தது கொப்பியை எடுத்ததுதான். "பொட்டில் பெயின்ட் பூசக் கூடாது என்று ஆறு மாதத்தில் ஒரு நாளும் நான் சொல்லவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அவர் நினைத்திருந்தால் அன்று வரும் பெரியவர்களிடம், என் ஆட்கள் அறியாமல் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு சொல்லோடு தப்பியிருக்கலாம். பச்சையைப் பச்சையாகவே காட்டி எல்லோரையும் குளிரவைத்தும் இருக்கலாம். அவருடைய தற்காலிக ஒப்பந்தத்தை நிரந்தரமாக்குவதா இல்லையா என்பதை அன்று வரும் அதே ஆட்கள்தான் தீர்மானிக்க இருந்தார்கள். அது அவருக்குத் தெரியும், எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நான் சொன்னா அது முறைப்பாடு, அண்ணன். நீங்க சொன்னா அது விடை. ஏலுமெண்டா நீங்க சொல்லுங்க. ஏலாதெண்டா நான் என்ட பிழைய மட்டும் சொல்றன்."

பத்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள். கழுத்துப்பட்டி கட்டியவர்கள் எட்டுப் பேர், மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேர். என் வாழ்க்கையில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவரிடம் நான் பேசிய நீளமான வசனம் "ஓம் சேர்" என்பதுதான். மதிப்பீட்டாளர்களில் ஒருவர், ஒரு பெண், டெப்பை என்னிடம் நீட்டி, "மூன்றாம் பெல்ட்டின் நிலைமை என்ன? சரக்கு ஏற்றலாமா?" என்று கேட்டார். பச்சை அவர் விரலுக்கடியில் தெரிந்தது. "ஏற்றலாம்" என்று ஒரு சொல் சொன்னால் நான் சித்தி. மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு எந்தப் பக்கமும் தலையசைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி நின்றார் என்பது இப்போது தெரிகிறது.

"இந்தப் பச்சை பிழை சேர். பிழை நான் விட்டது" என்று தொடங்கினேன். மேடம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சேர் என்று சொன்னதைக்கூடக் கவனிக்கவில்லை. பெயின்ட் பூசிய கதையைச் சொன்னேன். கத்தியால் மூன்றாம் கியர்பொக்ஸின் பொட்டை மட்டும் இரும்பு தெரியச் சுரண்டினேன். பெல்ட்டை வெறுமனே ஓட்டச் சொல்லி, முதலில் பெயின்ட்டின் மேல் சென்சரை வைத்தேன், பச்சை. நாலு விரல்கடை தள்ளி, சுரண்டிய இரும்பில் வைத்தேன். சிவப்பு. மஞ்சளில் நின்றது இந்த மூன்று நாளில் சிவப்புக்கே போயிருந்தது. என் கட்டத்தாள்களை விரித்து, ஏறி வந்த கோட்டைக் காட்டி, "சரக்கு ஏத்தினால் பெயாரிங் உடையும். பெல்ட் பக்கத்தில நடக்கிற ஆக்களுக்கும் ஆபத்து. நிற்பாட்ட வேணும்" என்றேன். இந்தத் தடவை தசமப்புள்ளி எல்லாம் சரியான இடத்தில் இருந்தது.

கப்பல் இறங்குதுறையில் காத்து நின்றது. தலைமை அலுவலகத்தில் மூத்தவர் மிஸ்ஸின் பக்கம் திரும்பி, விருந்தாளிகள் போகும் வரைக்காவது ஓட்ட முடியாதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மிஸ் தமிழிலேயே பதில் சொன்னார். "அவர் நிப்பாட்டச் சொல்லிட்டார் சேர். அதுக்கு மேல சொல்ல என்னிடம் ஒண்டும் இல்ல." ஒரு பொறியியலாளர் ஒரு ஃபிட்டரின் சொல்லை முடிந்த முடிவாக வைத்துப் பேசியதை நான் அன்றுதான் முதல் தடவை கேட்டேன். விருந்தாளிகள் அசையாத பெல்ட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தேநீருக்குப் போனார்கள். நாங்கள் கியர்பொக்ஸைத் திறந்தோம். பெயாரிங்கின் வெளிவளையத்தில் நகக்கண் அளவுக்கு உருக்கு பெயர்ந்திருந்தது. மாற்றி முடிய அடுத்த நாள் பின்னேரமாகிவிட்டது. அதன் பிறகுதான் கப்பலின் சரக்கு இறங்கியது.

பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் சித்தி. தவறிய இருவரையும் மிஸ் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து ஒரு மணித்தியாலம் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஒப்பந்தம் முடியும் கடைசிக் கிழமையில் அவர்களும் தேறினார்கள். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அன்றைய நாளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஊழியர் அனைவரும் தகுதி பெற்றுவிட்டபடியால் பயிற்சிப் பொறியியலாளர் பதவிக்கு இனித் தேவையில்லை என்று மட்டும் எழுதியிருந்தார்கள். ஒப்பந்தம் பற்றிய கதை முகாமையாளர் வாயிலிருந்து எங்களுக்குத் தெரியவந்தது அப்போதுதான். மிஸ் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு கேற்றைத் தாண்டிப் போனபோது நாங்கள் பதினான்கு பேரும் வேலையை விட்டு வெளியே வந்து நின்றோம். நான் அழுதேன். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

இப்போது எங்கள் சென்சர்கள் இயந்திரத்திலேயே நிரந்தரமாகப் பூட்டியிருக்கின்றன. காந்தமும் வேண்டாம், ஆளும் நடக்க வேண்டாம். மென்பொருள் அளவை வாசித்து, காரணத்தை ஊகித்து, அறிக்கையையும் தானே எழுதுகிறது. நல்ல தமிழில்கூட எழுதுகிறது, என்னைவிடப் பிழை குறைவாக. புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. மூதூரிலிருந்தும் கந்தளாயிலிருந்தும் டிப்ளோமா முடித்து வரும் ஆண்களும் பெண்களும் ஒரு மாதத்தில் திரையைக் கரைத்துக் குடித்துவிடுகிறார்கள். திரையை நம்பலாமா என்று கேட்கப் பழக்குவதற்குத்தான் எனக்கு மிச்ச மாதங்கள் போகின்றன. பலர் இரண்டு வருடத்தில் வெளிநாட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதும் தெரியும். போகட்டும், நல்லாப் படித்துக்கொண்டு போகட்டும்.

மிஸ்ஸும் இப்போது தூரதேசத்தில் இருக்கிறார். கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளைக் கரையில் ஓர் அறையிலிருந்து திரையில் பார்த்துக்கொள்ளும் வேலை. போன மாதம் பெருநாளுக்கு வாழ்த்துச் சொல்ல அழைத்தேன். பிள்ளைகளை விசாரித்தார், வேக்ஷொப்பை விசாரித்தார், வாப்பாவுக்குக் கண் ஒப்பரேஷன் என்றும் வந்து பார்க்க லீவு கிடைக்கவில்லை என்றும் சொன்னார். அந்தக் குரலில் ஊர் ஏக்கம் இருந்தது. இத்தனை வருடம் நெஞ்சுக்குள் கிடந்ததை அன்று கேட்டுவிட்டேன்.

"மிஸ், அண்டைக்கு நான் ஏத்தலாம் எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தால் நீங்கள் இஞ்சையே இருந்திருப்பீங்கள், என்ன?"



"ஓம் அண்ணன், இருந்திருப்பன்" என்றார். "இருந்து, அடுத்த நாள் எந்த முகத்தோட உங்களுக்குப் படிச்சுக் குடுக்கிற?"